கேமராவுக்கு வெளியிலிருந்து மின்சாரம்: கையோடு எடுத்துச் செல்லும் பவர் சப்ளை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு முழுக்க நட்சத்திரங்களைப் படமெடுப்பவர்கள், டைம்லாப்ஸ் எடுப்பவர்கள், மணிக்கணக்கில் பேட்டி பதிவு செய்பவர்கள் எல்லோருமே ஒரு கட்டத்தில் இங்கே வந்து நிற்கிறார்கள்: கேமராவின் சொந்த பேட்டரி போதவில்லை. ஒரு பவர் பேங்க், ஒரு டம்மி பேட்டரி, நான்கைந்து உதிரிபாகங்கள் இருந்தால் ஒரே மாலையில் இதற்கு வழி செய்துவிடலாம். அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஓரளவு சால்டரிங் தெரிந்திருக்க வேண்டும். மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் தொடங்காதீர்கள்.

கூடுதலாக இரண்டு பேட்டரி வாங்கி வைத்துக்கொண்டால் போதாதா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். நடந்துகொண்டே படமெடுப்பவர் என்றால் பையில் இரண்டு பேட்டரி இருப்பதுதான் சிறந்த வழி. கேமராவை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு அசைக்காமல் எடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. பேட்டரிக் கதவு கேமராவின் அடியில் இருக்கும். பல டிரைபாட்களில் தட்டைக் கழற்றாமல் அதைத் திறக்கவே முடியாது. கழற்றினால் காட்சியின் சட்டகம் மாறிவிடும்.

நட்சத்திரத் தடங்களில் இது அப்பட்டமாகத் தெரியும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. பேட்டரி மாற்ற இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால் அதற்குள் வானம் அரை டிகிரி நகர்ந்துவிடும். முழுநிலவின் அகலம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கோடாக வர வேண்டிய தடத்தில் நிலவளவுக்கு ஒரு வெட்டு விழுந்திருக்கும், அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் நேர்மையாக நிரப்ப முடியாது.

என் கேமராவில் யூஎஸ்பி-சி இருக்கிறது. அப்போதும் இதெல்லாம் தேவையா?

தேவைப்படாமல் போகலாம். முதலில் கையேட்டைப் பாருங்கள். யூஎஸ்பி வழியாக பேட்டரியை சார்ஜ் செய்வது ஒன்று, யூஎஸ்பி மின்சாரத்தில் கேமராவை ஓட்டுவது வேறொன்று. சில கேமராக்கள் அணைந்திருக்கும்போது மட்டும் சார்ஜ் ஏற்றும், இயங்கத் தொடங்கியதும் யூஎஸ்பியைக் கண்டுகொள்ளாது. சில கேமராக்கள் ஓடும்போதும் வாங்கிக்கொள்ளும், ஆனால் பவர் டெலிவரி (கருவி கேட்கும் வோல்ட்டைக் கொடுக்கும் யூஎஸ்பி முறை) உள்ள பவர் பேங்காக இருந்தால்தான் ஏற்கும்.

சோதிப்பது எளிது. பேட்டரியை உள்ளே வைத்து, பவர் பேங்கை இணைத்து, கேமராவைப் போட்டு, நீங்கள் எடுக்கப்போகும் அதே வேலையை ஒரு மணி நேரம் செய்ய விடுங்கள். பேட்டரி அளவு இறங்காமல் இருந்தால் உங்களுக்கு டம்மி பேட்டரியே வேண்டாம். மெதுவாக இறங்கினால் வெளியிலிருந்து வருவது போதவில்லை, குறையை பேட்டரி ஈடுகட்டுகிறது என்று அர்த்தம். அப்படி இறங்கினாலும் உங்கள் வேலை முடியும்வரை தாங்குமா என்று கணக்குப் பாருங்கள். தாங்கும் என்றால் அதுவே போதும்.

டம்மி பேட்டரி என்பது என்ன?

அசல் பேட்டரியின் அதே அளவில், அதே இடத்தில் உலோக முனைகளோடு இருக்கும் ஒரு கூடு. உள்ளே செல் கிடையாது, வெறும் ஒயர்தான். அந்த ஒயர் பேட்டரிக் கதவின் ஓரத்தில் ரப்பர் மூடி போட்ட சிறு துளை வழியாக வெளியே வரும். உங்கள் கேமராவில் அந்தத் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கதவைத் திறந்தேதான் வைக்க வேண்டும். கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சிறு சுவிட்ச் உள்ள கேமராக்கள் அப்போது இயங்காது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: ஒயரின் முனையில் உருளை வடிவ பாரல் பிளக் இருப்பவை பெரும்பாலும் வெறும் ஒயர். யூஎஸ்பி பிளக் இருப்பவற்றில் மின்னழுத்தத்தை மாற்றும் சுற்று உள்ளேயே இருக்கும். கீழே நான் சொல்லும் சுற்று முதல் வகைக்கு மட்டும்தான். சந்தேகம் இருந்தால் பிளக்குக்கும் டம்மியின் உலோக முனைக்கும் இடையே மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்டினால் வெறும் ஒயர்.

எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும்?

உங்கள் பேட்டரியின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். கேனானின் எல்பி-இ6 7.2 வோல்ட், நிகானின் இஎன்-இஎல்15 7.0 வோல்ட், சோனியின் என்பி-எஃப்இசட்100 7.2 வோல்ட். லென்ஸ் மாற்றும் கேமராக்களில் பெரும்பாலானவை இப்படி 7-ஐ ஒட்டியே இருக்கும், ஏனென்றால் உள்ளே இரண்டு லித்தியம் செல்கள் தொடராக இருக்கின்றன. அச்சிட்டிருப்பது சராசரி அளவு. முழு சார்ஜில் ஒரு செல்லுக்கு 4.2 வீதம் 8.4 வோல்ட் இருக்கும், தீரும் தறுவாயில் 6.5 போல இறங்கியிருக்கும். இந்த வீச்சு முழுவதையும் தாங்கும்படிதான் கேமராவை வடிவமைத்திருக்கிறார்கள்.

ஆகவே 7.4-க்கும் 8-க்கும் நடுவே எங்கேயாவது நின்றால் போதும். எல்பி-இ6 கேமராக்களுக்காக கேனான் விற்ற அடாப்டர் 8 வோல்ட் தருகிறது. நிகானின் ஈஎச்-5பி அடாப்டரில் 9 வோல்ட் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து எல்லாக் கேமராவுக்கும் 9 கொடுக்கலாம் என்று முடிவு செய்யாதீர்கள். உங்கள் கேமராவின் அடாப்டர் லேபிளே உங்களுக்குச் சான்று. அது கைவசம் இல்லையென்றால் 8.4-ஐத் தாண்டாதீர்கள்.

சட்டைப்பையில் போடும் சிறு கேமராக்களில் ஒரே செல்தான், 3.6 அல்லது 3.7 வோல்ட் என்று போட்டிருக்கும். அவற்றுக்கு உச்சவரம்பு 4.2. பென்டார்ச் செல்லில் ஓடும் பழைய கேமராக்கள் தனி ரகம். நான்கு செல் போடும் கேனான் பவர்ஷாட் ஏ வரிசைக் கேமராக்களுக்கு வந்த அடாப்டர் 4.3 வோல்ட், இரண்டு செல் போடுபவற்றுக்கு 3.15 வோல்ட். செல்லின் மேலே எழுதியிருக்கும் 1.5-ஐ நான்கால் பெருக்கி 6 வோல்ட் கொடுக்கலாம் என்று நினைத்தால் தவறாகிவிடும். அந்த வகைக் கேமராக்களின் பக்கவாட்டில் இருக்கும் மின் துளைக்கு அருகிலேயே வோல்ட் அளவும் முனைக் குறியும் அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள்.

எத்தனை ஆம்பியர்? அதிகமாகப் போனால் கேமரா கெட்டுவிடுமா?

கெடாது. வோல்ட் அதிகமானால்தான் கெடும். 3 ஆம்பியர் தரக்கூடிய சப்ளை 3 ஆம்பியரைக் கேமராவுக்குள் திணிக்காது, கேமரா கேட்பதைத்தான் கொடுக்கும். சாதாரணமாக 3 முதல் 8 வாட் வரை இழுக்கும், அதாவது அரை முதல் ஒரு ஆம்பியர். லென்ஸ் மோட்டார் சுழலும்போதும் ஷட்டர் விழும்போதும் கண நேரத்துக்கு எகிறும். 2 ஆம்பியர் வரை வோல்ட் தளராமல் தரக்கூடிய சப்ளை இருந்தால் நிம்மதி.

சரி, எந்தச் சுற்றைப் பரிந்துரைக்கிறீர்கள்?

இரண்டு செல் பேட்டரி உள்ள கேமராவுக்கு நான் இப்போது செய்வது ஒன்றே ஒன்றுதான். பவர் டெலிவரி உள்ள பவர் பேங்க், 9 வோல்ட் மட்டும் கேட்கும் டிரிகர் போர்டு, தொடராக இரண்டு 1என்5401 டயோடு, 100 ஓம் 2 வாட் ரெசிஸ்டர், 470 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெபாசிட்டர், ஒரு பாரல் சாக்கெட்.

பவர் டெலிவரியில் பவர் பேங்கும் அதில் மாட்டும் கருவியும் முதலில் பேசிக்கொள்ளும். கருவி கேட்டால்தான் 5 வோல்ட்டிலிருந்து 9, 15, 20 என்று பவர் பேங்க் ஏறும். டிரிகர் போர்டின் வேலை அந்த 9-ஐக் கேட்பது மட்டும்தான். அங்கிருந்து வரும் நேர்முனை ஒயரில் இரண்டு டயோடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள், வெள்ளிக் கோடு உள்ள பக்கம் கேமராவை நோக்கி இருக்க வேண்டும். ஒவ்வொரு டயோடும் ஏறக்குறைய 0.7 வோல்ட்டை விழுங்கும். எனவே குறைந்த சுமையில் 7.6, ஒரு ஆம்பியர் இழுக்கும்போது 7.4 வோல்ட் கேமராவுக்குப் போகும். நமக்கு வேண்டிய இடம் அதுதான்.

ரெசிஸ்டரை டயோடுகளுக்குப் பிறகு, நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் குறுக்கே போடுங்கள். அதற்கு இரண்டு வேலை. கேமரா எதுவுமே இழுக்காதபோது டயோடு வழியாக மின்னோட்டம் இருக்காது, அப்போது வோல்ட் 9-ஐ நோக்கி மெல்ல ஏறும். ரெசிஸ்டர் எப்போதும் 75 மில்லி ஆம்பியர் போல இழுத்துக்கொண்டிருப்பதால் அது நடக்காது. இரண்டாவது வேலையைக் கீழே தனிக் கேள்வியில் சொல்கிறேன். கெபாசிட்டரையும் அதே இரண்டு முனைகளுக்குக் குறுக்கே, எதிர்முனைக் கோட்டைச் சரியாகப் பார்த்து வையுங்கள். ஷட்டர் விழும் கணத்தில் அது கை கொடுக்கும். பெரிதாக இருந்தால் நல்லது என்று 4700 போடாதீர்கள். இணைத்த நொடியில் அது இழுக்கும் இழுப்பைப் பார்த்து, ஷார்ட் என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் அணைந்துவிடும்.

டயோடுகள் சூடாகும். ஒரு ஆம்பியரில் ஒவ்வொன்றிலும் 0.8 வாட் வெப்பம். ஆகவே இரண்டையும் ஒட்டி வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாயால் இறுக்கி மூடாமல், காற்று போகும் சிறு பிளாஸ்டிக் பெட்டியில் இடைவெளி விட்டு வையுங்கள்.

ஒரு செல் கேமராவுக்கு டிரிகர் போர்டே வேண்டாம். சாதாரண 5 வோல்ட் யூஎஸ்பியிலிருந்து ஒரு 1என்5401, அதோடு தொடராக ஒரு 1என்5822 ஷாட்கி டயோடு. ஷாட்கி குறைவாகவே விழுங்கும் என்பதால் முடிவில் 4 வோல்ட்டை ஒட்டி வரும். 68 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் போட்டு அளந்து பாருங்கள், 4.2-ஐத் தாண்டக் கூடாது.

எல்லோரும் பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டைக் குறைத்துத் தரும் சுற்று) போடுகிறார்கள். நீங்கள் ஏன் பழைய டயோடைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

ஒரு கேமராவை இழந்த பிறகு வந்த முடிவு இது.

என் முதல் பவர் சப்ளை 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியும் சிறு பக் கன்வெர்ட்டர் மாட்யூலும் கொண்டது. மாட்யூலில் ப்ரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் சிறு ரெசிஸ்டர்) திருகைச் சுற்றி 7.8 வோல்ட்டில் நிறுத்தியிருந்தேன். பல இரவுகள் ஒழுங்காக ஓடியது. ஓர் இரவு கேமரா பாதியில் அணைந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மீட்டரை வைத்துப் பார்த்தபோது வெளியீட்டில் 11 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. அந்தக் கேமரா அதற்குப் பிறகு உயிர் பெறவே இல்லை.

காரணத்தைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. அந்த மாட்யூலில் வெளியீட்டு வோல்ட் எவ்வளவு என்று சிப்புக்குச் சொல்வது ப்ரீசெட் வழியாக வரும் ஒரு சிறு மின்னழுத்தம்தான். ஈரமும் அதிர்வும் சேர்ந்து ப்ரீசெட்டின் உள்தொடர்பு விட்டுப்போனால், வெளியே வோல்ட்டே இல்லை என்று சிப் நினைத்துக்கொள்ளும். உடனே முழுத் திறனில் திறந்துவிடும், உள்ளே வருவது ஏறக்குறைய அப்படியே வெளியே போகும். பழுதானால் அணைவதற்குப் பதிலாக உச்சத்துக்குப் போகிறது.

டயோடுச் சுற்றில் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒரு டயோடு உள்ளே ஷார்ட் ஆனாலும் 9-இல் 0.7 போக 8.3 வோல்ட்தான் கேமராவுக்குப் போகும், முழு சார்ஜ் பேட்டரியை விடக் குறைவு. டயோடு திறந்துபோனால் கேமரா அணையும், அவ்வளவுதான். டிரிகர் போர்டு கேட்கத் தவறினால் 5 வோல்ட்தான் வரும், கேமரா இயங்காது. ஒயரைத் தலைகீழாக மாற்றி டிரிகரில் வைத்துவிட்டாலும் டயோடு தடுத்துவிடும். எந்தப் பழுதும் கேமராவைக் கொல்லாது. அதற்காக 16 சதவீத மின்சாரத்தை வெப்பமாக இழக்கிறேன், மனமுவந்து இழக்கிறேன்.

டிரிகர் போர்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பட்டனை அழுத்தி 9, 12, 15, 20 என்று மாற்றக்கூடிய வகையை வாங்காதீர்கள். பையில் பட்டன் அழுந்தினால் 20 வோல்ட். 9-க்கு நிலையாக அமைத்ததையே வாங்குங்கள். பவர் பேங்கும் 18 அல்லது 20 வாட் வகையாக இருக்கட்டும். அவை வழக்கமாக 12 வோல்ட்டுக்கு மேல் தரவே மாட்டா.

பக் கன்வெர்ட்டர்தான் வேண்டும் என்றால் சரியான வோல்ட் வைத்த பிறகு ப்ரீசெட்டைக் கழற்றிவிட்டு அதே மதிப்புள்ள நிலையான ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிடுங்கள். இன்னொன்று: எல்எம்2596 போன்ற பழைய சிப்புகளுக்கு உள்ளீடு வெளியீட்டைவிட ஒன்றரை வோல்ட்டாவது அதிகம் இருக்க வேண்டும். 9 வோல்ட் கொடுத்து 8 எதிர்பார்த்தால் கிடைக்காது.

பவர் பேங்க் எவ்வளவு நேரம் தாங்கும்?

மில்லி ஆம்பியர் மணியை மறந்துவிட்டு வாட்-மணியில் கணக்குப் போடுங்கள். 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட்-மணி. அதை 9 வோல்ட்டாக உயர்த்துவதில் பத்தில் ஒரு பங்கு போகும், டயோடுகளில் இன்னும் கொஞ்சம் போகும். கடைசியில் 28 வாட்-மணி மிஞ்சும்.

இரவு வானத்தை எடுக்கும் கேமரா 4 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், ரெசிஸ்டருக்கு 0.6 வாட். 28-ஐ 4.6-ஆல் வகுத்தால் ஆறு மணி நேரம். 20,000 என்றால் பன்னிரண்டு. ஒப்பிட்டுப் பார்க்க, எல்பி-இ6 பேட்டரியில் இருப்பது 13 வாட்-மணி, சோனியின் பழைய என்பி-எஃப்டபிள்யூ50-இல் 7.3. சோனிக்காரர்கள் ஏன் முதலில் இந்தப் பக்கம் வந்தார்கள் என்பது இப்போது புரியும்.

பின்திரையை அணைப்பது, எடுத்த படத்தைக் காட்டும் வசதியை நிறுத்துவது, டிரைபாடில் இருக்கும்போது ஆட்டத்தடுப்பை நிறுத்துவது, இந்த மூன்றையும் செய்தால் அதே பவர் பேங்க் இன்னும் நெடுநேரம் வரும்.

சற்று நேரம் கழித்து பவர் பேங்க் தானாக அணைந்துவிடுகிறது. ஏன்?

இழுக்கப்படும் மின்னோட்டம் மிகக் குறைந்தால், ஃபோன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது. டைம்லாப்ஸில் இரண்டு படங்களுக்கு நடுவே கேமரா தூங்கும்போது இதுதான் நடக்கும். மேலே சொன்ன 100 ஓம் ரெசிஸ்டரின் இரண்டாவது வேலை இதைத் தடுப்பது. இவ்வளவுக்குப் பிறகும் அணைகிறது என்றால் உங்கள் பவர் பேங்கின் வரம்பு இன்னும் உயரத்தில் இருக்கிறது. இன்னொரு 100 ஓம் ரெசிஸ்டரைப் பக்க இணைப்பில் சேருங்கள், அல்லது கேமராவின் தானியங்கித் தூக்கத்தை நிறுத்துங்கள். முதலில் வீட்டில் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வெளியே போய்த் தெரிந்துகொள்வது கொடுமை.

ஒயர் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

நீளத்தை விடக் கனமே முக்கியம். 2 மீட்டர் கேபிள் என்றால் போகவும் வரவும் சேர்த்து 4 மீட்டர் செம்பு. ஒயரின் குறுக்குப் பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர் என்றால், 2 ஆம்பியர் உச்சத்தில் அதிலேயே 0.7 வோல்ட் போய்விடும். 0.75 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.2-க்கும் குறைவு. "படம் பார்க்கும்போது ஒழுங்காக இருக்கிறது, ஷட்டரை அழுத்தினால் அணைந்துவிடுகிறது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் குற்றவாளி இந்த மெல்லிய ஒயர்தான். நீளம் வேண்டுமென்றால் பவர் பேங்குக்கும் பெட்டிக்கும் நடுவே நல்ல யூஎஸ்பி-சி கேபிளாகப் போடுங்கள், பெட்டிக்கும் கேமராவுக்கும் நடுவே நீளத்தைக் குறைவாக வையுங்கள்.

பாரல் பிளக்கிலும் ஒரு பொறி உண்டு. வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் இருக்கும், உள்துளை மட்டும் 2.1 அல்லது 2.5 என இரண்டு வகை. 2.5 பிளக் 2.1 சாக்கெட்டுக்குள் போய்விடும், ஆனால் தளர்வாக நிற்கும். கை பட்டால் கேமரா அணையும். இரண்டும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள்.

நேர்முனை எது என்று எப்படி உறுதி செய்வது?

ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு ஒயர் எதிர்முனைக்குப் போன டம்மியை என் கையாலேயே பிரித்துப் பார்த்திருக்கிறேன். அசல் பேட்டரியை எடுத்து அதன் மேல் உள்ள கூட்டல், கழித்தல் குறிகளைப் பாருங்கள், மீட்டரை வைத்தும் உறுதிசெய்யுங்கள். நடுவில் இருக்கும் மற்ற முனைகள் வெப்பநிலைக்கும் தகவலுக்குமானவை, அவற்றைத் தொட வேண்டாம். பிறகு சுற்றை முழுவதும் இணைத்து, டம்மியைக் கேமராவில் போடாமல், டம்மியின் முனைகளில் மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். அசல் பேட்டரியில் எந்தப் பக்கம் கூட்டலோ அதே பக்கம் இங்கேயும் கூட்டல் வர வேண்டும். சுற்றில் உள்ள டயோடு பவர் பேங்கின் பக்கத் தவறைத் தடுக்கும், டம்மிக்குள் இருக்கும் தவறைத் தடுக்காது.

பேட்டரியை அடையாளம் காண முடியவில்லை என்று கேமரா சொல்கிறது.

பல பேட்டரிகளுக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது, கேமரா அதோடு பேசும். பதில் வராவிட்டால் சில கேமராக்கள் ஒரு எச்சரிக்கை காட்டிவிட்டு, சம்மதம் கேட்டுத் தொடரும். சில பிடிவாதமாக அணைந்துவிடும். பிடிவாதக் கேமராவுக்குச் சிப் உள்ள டம்மி வாங்க வேண்டும், உங்கள் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். எச்சரிக்கை மட்டும் காட்டும் கேமராவில் பேட்டரி அளவு தவறாகத் தெரியலாம், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

செத்துப்போன பழைய பேட்டரியைப் பிரித்து நானே டம்மி செய்யலாமா?

முடியும், நான் சொல்ல மாட்டேன். ஒட்டிய பிளாஸ்டிக் கூட்டைக் கத்தியால் நெம்பும்போது உள்ளே இருக்கும் லித்தியம் செல் குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். செத்ததாகத் தெரியும் பேட்டரியிலும் அதற்குப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும். இந்த ஒரு பொருளை மட்டும் கடையில் வாங்கிவிடுங்கள்.

18650 எனும் உருளை வடிவ லித்தியம் செல்களை வைத்து சொந்தமாக பேட்டரி பேக் கட்டினால்?

மின்னியல் ரீதியாக இதுதான் மிக அழகான வழி. இரண்டு செல்களைத் தொடராக வைத்தால் கேமராவின் சொந்த பேட்டரி தரும் அதே வோல்ட். டயோடும் வேண்டாம், டிரிகரும் வேண்டாம். 3000 மில்லி ஆம்பியர் மணி செல்கள் நான்கை, இரண்டு தொடராகவும் இரண்டு பக்கமாகவும் இணைத்தால் 43 வாட்-மணி, விரயம் கிட்டத்தட்ட இல்லை.

ஆனால் பவர் பேங்க் உங்களுக்காகப் பார்த்துக்கொண்டிருந்த பாதுகாப்பு வேலைகள் அத்தனையும் உங்கள் தலையில் வரும். ஷார்ட் ஆனால் ஒரு 18650 செல் பத்துக்கணக்கான ஆம்பியரைக் கக்கும், மெல்லிய ஒயர் சிவந்து உருகும். ஆகவே இரண்டு தொடர் செல்லுக்கான பிஎம்எஸ் போர்டு (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சுற்று), நேர்முனைக்கு மிக அருகில் 3 ஆம்பியர் ஃபியூஸ், 8.4 வோல்ட்டில் நிறுத்தும் லித்தியம் சார்ஜர், மூன்றும் கட்டாயம். ஒரே வகை, ஒரே வயதுள்ள புதிய செல்களாக இருக்க வேண்டும். பழைய மடிக்கணினி பேட்டரியைப் பிரித்தெடுத்த செல்களைக் கலக்காதீர்கள். செல்லின் மேல் நேரடியாக சால்டர் வைக்காதீர்கள், அந்தச் சூடு உள்ளே இருக்கும் அடுக்குகளைக் கெடுக்கும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது தரமான செல் ஹோல்டர் போட வேண்டும். முதல் முறை செய்பவர் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

கார் பேட்டரியிலிருந்து எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் நேராக அல்ல. எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் என்பது 14-ஐத் தாண்டும், அதற்கு மேலும் துள்ளல்கள் வரும். பவர் டெலிவரி உள்ள கார் சார்ஜரை வாங்கி அதில் இதே டிரிகர் பெட்டியை மாட்டிவிடுங்கள்.

கேமராவில் மாட்டும் முன் எப்படிச் சோதிப்பது?

12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நம் சுற்றில் மாட்டினால் சுமார் 1.3 ஆம்பியர் இழுக்கும், கேமராவை விடக் கடுமையான சுமை. மீட்டரை அதன் குறுக்கே வைத்துக்கொண்டு அரை மணி நேரம் எரிய விடுங்கள். 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் அசையாமல் நிற்க வேண்டும். பல்பைக் கழற்றினால் 7.6 அல்லது 7.7-க்கு ஏறலாம், 8.4-ஐ எட்டவே கூடாது. டயோடு, ரெசிஸ்டர், சாக்கெட் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். டயோடு சூடாக இருப்பது இயல்பு. சாக்கெட்டோ பற்றவைத்த இடமோ சூடாக இருந்தால் அங்கே இணைப்பு சரியில்லை, மறுபடி வையுங்கள். அப்புறம் ஒயரை ஆட்டிப் பாருங்கள். பல்ப் ஒரு முறை மினுக்கினாலும் அந்தப் பெட்டி இன்னும் தயாராகவில்லை.

பவர் பேங்கை சார்ஜில் போட்டபடியே கேமராவை ஓட்டலாமா?

சில பவர் பேங்குகளில் முடியும். ஆனால் சார்ஜரைச் செருகும் கணத்திலும் பிடுங்கும் கணத்திலும் பல பவர் பேங்குகள் வெளியீட்டை ஒரு நொடி நிறுத்திவிட்டு, புதிதாகப் பேசி மறுபடி தொடங்கும். இன்னொரு துளையில் ஃபோனை மாட்டினாலும் அப்படித்தான். அந்த ஒரு நொடியில் கேமரா அணைந்துவிடும். படப்பிடிப்பின் நடுவே பவர் பேங்கில் எதையும் மாட்டவோ கழற்றவோ கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது.

பவர் பேங்குக்குள் இருக்கும் கன்வெர்ட்டரின் சத்தம் அது. கேமராவுக்கு அருகே ஒயரில் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டி, ஒயரை அதன் வழியே இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். மைக் ஒயரையும் மின் ஒயரையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விடாதீர்கள்.

கடுங்குளிரில் வேலை செய்யுமா?

கேமராவின் சொந்த பேட்டரியை விட நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் பவர் பேங்கை உங்கள் மேலாடைக்குள்ளோ கம்பளித் துணி சுற்றிய பைக்குள்ளோ வைத்துக்கொள்ளலாம். குளிரில் லித்தியம் செல்லின் உள்தடை கூடிவிடும், அதனால் சார்ஜ் இருக்கும்போதே தீர்ந்ததுபோல் காட்டும். உறைநிலைக்குக் கீழே இருக்கும் செல்லை சார்ஜ் செய்யவே கூடாது, அறைக்குக் கொண்டுவந்து சூடேறிய பிறகு செய்யுங்கள். பனி விழும் இரவில் பெட்டியைத் தரையில் வைக்காமல் டிரைபாட் காலில் கட்டித் தொங்கவிடுங்கள்.

விமானத்தில் எடுத்துப் போகலாமா?

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-மணி. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. 26,800 மில்லி ஆம்பியர் மணி என்ற விசித்திரமான அளவில் பல பவர் பேங்குகள் வருவது இதனால்தான்: 3.7-ஆல் பெருக்கினால் 99 வாட்-மணி. கையால் கட்டிய 18650 பேக்கில் எந்த அச்சும் இருக்காது, ஒயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாதுகாப்புச் சோதனையில் அதை விளக்கிப் புரியவைப்பது பெரும்பாடு, வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

படமெடுத்து முடித்ததும் ஒயரை அப்படியே பிடுங்கலாமா?

கூடாது. கேமராவை அதன் சுவிட்சிலேயே அணைத்து, கார்டில் எழுதும் விளக்கு நின்றதைப் பார்த்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கடைசிப் படம் மட்டும் போகும் என்று சொல்ல முடியாது, கார்டின் கோப்புப் பட்டியலே குலையலாம். இதனால்தான் ஒயரின் நடுப்பகுதியை டிரைபாட் காலில் ஒரு டேக் போட்டுக் கட்டி, கேமரா பக்கம் கொஞ்சம் தளர்வு விட்டு வைக்கச் சொல்கிறேன். இருட்டில் யார் கால் தட்டினாலும் இழுப்பு டிரைபாடோடு நின்றுவிடும். ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போது மட்டும் இந்தப் பெட்டியைப் பயன்படுத்தாதீர்கள், முழு சார்ஜ் ஏற்றிய அசல் பேட்டரியைப் போட்டுச் செய்யுங்கள்.